படுக்கைப்புண்ணும் பார்க்க வருபவர்களின் தீர்ப்பும்

திருவையாற்றில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகி, முதுகில் புண்ணும் வந்துவிட்டால் போதும்... பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு தீர்ப்பையும் கையோடு கொண்டு வருவார்கள். "சரியா பாத்துக்கலை போலிருக்கு!" குற்றவாளி எப்போதும் மருமகள் அல்லது மகள். மகன் மேல் இந்தக் குற்றச்சாட்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது!

படித்தவர்கள் உதாரணத்துக்கு அருணா ஷான்பாக்கை இழுப்பார்கள். 1973ல் தாக்கப்பட்டு செயலற்றுப்போன அந்த நர்சுக்கு, மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 37 வருடத்தில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே நர்சுகளைப் பாராட்டியது. உண்மைதான். ஆனால் அங்கே ஷிப்டு போட்டுப் பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனையே இருந்தது. இங்கே சமையல், வயல்வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒற்றைப் பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்றால், ராத்திரி அவள் எப்போது தூங்குவாள்?

தவிர, எல்லாப் புண்ணும் கவனக்குறைவால் வருவதில்லை. இதயம், சிறுநீரகம் போலத் தோலும் ஓர் உறுப்புதான். சாவு நெருங்கும்போது ரத்த ஓட்டம் குறைந்து அதுவும் செயலிழக்கலாம். கேரன் லூ கென்னடி என்ற அமெரிக்க நர்ஸ் 1989ல் இப்படிப்பட்ட புண்ணை விவரித்தார். இடுப்பின் பின்பக்கம் திடீரென்று தோன்றிச் சீக்கிரமே கறுத்துவிடும். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் வரலாம்.

அதற்காக "கடைசிக் காலம்தானே, விடு" என்பதும் அயோக்கியத்தனம். பக்கவாதம் வந்தவருக்கு எண்பது வயது என்பதற்காகப் பிசியோதெரபியை நிறுத்துகிறார்களே, பல புண்களுக்கு ஆரம்பமே அதுதான். அசையாத உடம்பில் எலும்பு தோலை அழுத்தும். வாழையிலையில் படுக்க வைத்தால் குளிர்ச்சியாக இருக்கலாம், அழுத்தம் குறையாது. எழுந்து நடக்க வாய்ப்பிருந்தால் நடக்கப் பயிற்சி. இல்லையென்றால் மூட்டு இறுகாமல், வலிக்காமல் திருப்பவும் உட்கார வைக்கவும் வீட்டாருக்குப் பயிற்சி. பயிற்சியின் நோக்கம் மாறலாம், கைவிடுவது கூடாது. உயிர் பிரியும் நாட்களில் மட்டும் அட்டவணையைவிட நோயாளியின் நிம்மதிதான் முக்கியம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அதைக் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்வர, தீர்ப்பு சொல்கிறவர்களில் எத்தனை பேர் தயார்?

அடுத்த முறை ஹார்லிக்ஸ் எடுத்துப் போகிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி அங்கே தங்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து புரட்டிவிடட்டும். தீர்ப்பை விடிந்ததும் சொல்லட்டும்.