கண்ணாடிப் பந்தலுக்குக் கெடு வேண்டும்

திருமண வரவேற்பு என்றால் துணிப் பந்தலும் வாழைமரமும் என்றிருந்த காலம் மாறி, பெருநகரங்களில் கண்ணாடிப் பந்தல்கள் வந்துவிட்டன. அலுமினியச் சட்டங்களை நிறுத்தி, கண்ணாடியாலோ ஒளிபுகும் தகடுகளாலோ மூடி, உள்ளே குளிர்சாதன வசதியும் செய்துவிடுகிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல், முதிர்ந்த மரங்களைப் பார்த்தபடி விருந்துண்ணலாம். அந்த மரங்களுக்காகவே பழைமையான பூங்காக்களும் மாளிகைத் தோட்டங்களும் நாடப்படுகின்றன.

தற்காலிகமானதுதானே என்பது அனுமதி கோருவோரின் வாதம். அதை அப்படியே ஏற்பதற்கில்லை. விருந்து ஒரு மாலைதான். ஆனால், பந்தல் காற்றில் சாயாமலிருக்கப் பாரம் ஏற்ற வேண்டும் அல்லது தரையில் முளையடிக்க வேண்டும். லாரிகளும் ஜெனரேட்டரும் புல்வெளியில் ஏறுகின்றன. மண் இறுகிவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. மரம் உடனே சாய்ந்துவிடாது. சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும்போது, அந்த விருந்தை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

தில்லியில் யமுனைக் கரையில் 2016 மார்ச் மாதம் நடந்த உலகக் கலாசார விழா மூன்றே நாள்தான். அங்கு எழுப்பப்பட்டவையும் தற்காலிக அமைப்புகள்தான். ஆனால், பாதிக்கப்பட்ட வெள்ளச் சமவெளியைச் சீரமைக்க சுமார் ரூ.42 கோடி தேவை, பணிகள் முடிய ஆண்டுகள் பலவாகும் என்று பசுமைத் தீர்ப்பாயம் நியமித்த நிபுணர் குழு மதிப்பிட்டது. விழா அமைப்பாளர்கள் அதை மறுத்தனர். எனினும், பாதிப்புக்கு அவர்களே பொறுப்பு என்று 2017 டிசம்பரில் தீர்ப்பாயம் கூறிவிட்டது.

தற்காலிகம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தந்த முன்னுதாரணமும் உண்டு. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு மாளிகை பெரும்பாலும் இரும்பும் கண்ணாடியுமே. பூங்காவின் எல்ம் மரங்களை வெட்டக்கூடாது என்ற எதிர்ப்பு எழவே, அவற்றையும் உள்ளடக்கிக் கூரை உயர்த்தப்பட்டது. சுமார் 60 லட்சம் பார்வையாளர்கள் வந்துசென்ற அந்தப் பெரும் கட்டடத்தை அங்கேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் பலர். ஆயினும், 1852-இல் அது அகற்றப்பட்டு, சிடன்ஹாமில் மீண்டும் எழுப்பப்பட்டது. அகற்ற வேண்டும் என்ற நிபந்தனை முன்கூட்டியே இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

நம் நாட்டில் நிலைமை என்ன? தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் மத்திய அரசின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி வரவேற்போ விருந்தோ நடத்த முடியாது என்கின்றன 1959-ஆம் ஆண்டு விதிகள். மாநகராட்சிப் பூங்காக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மும்பையில் 1995 முதல் பாரம்பரியச் சின்னங்களுக்கான விதிமுறைகள் இருந்தாலும், அவை முக்கியமாகக் கட்டடங்களை இடிப்பதையும் மாற்றுவதையும் மனத்தில் கொண்டவை. பத்து நாள் நின்று மறையும் பந்தலை அவை எப்படிப் பிடிக்கும்?

பைகுலாவில் 1862-இல் திறக்கப்பட்ட ராணி பாக் போன்ற தோட்டங்கள் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கல்யாணிலிருந்து புறநகர் ரயிலில் ஏறி, பைகுலாவில் இறங்கி நடந்தே போய்விடலாம். நெரிசல் மிகுந்த குடியிருப்பிலிருந்து விடுமுறை நாளில் குழந்தைகளுடன் வரும் குடும்பத்துக்கு, குறைந்த செலவில் கிடைக்கும் நிழல் அதுதான்.

பூங்காக்களைப் பராமரிக்கப் பணம் வேண்டும், வாடகை வருவாய் அதற்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. அடியோடு தடை விதிக்கவும் சொல்லவில்லை. முதல் லாரி நுழைவதிலிருந்து கடைசி முளை பிடுங்கப்படுவது வரையிலான எல்லா நாள்களும் அனுமதிக் காலமாகக் கணக்கிடப்பட வேண்டும். மரக்கிளைகள் பரவியுள்ள பரப்புக்குள் பாரமோ வாகனமோ வரக்கூடாது. வைப்புத்தொகையை மறுநாளே திருப்பித் தராமல், ஓராண்டு கழித்து மரங்களைத் தாவரவியல் வல்லுநர் பார்வையிட்ட பின்னரே தர வேண்டும். அனுமதிக் கடிதமும் பூங்கா வாயிலில் ஒட்டப்பட வேண்டும். ரயிலேறி வந்து, தடுப்புக்கு வெளியே நிற்கும் பொதுமக்களுக்கு அது எத்தனை நாளைக்கு, யார் கொடுத்த அனுமதி என்றாவது தெரியட்டும்.