சாட்டி நன்னீரும் நமது கடமையும்

மலையும் ஆறும் இல்லாத நம் தீவகத்துக்கு இயற்கை ஈந்த பெருஞ்செல்வம் வேலணைத் தீவிலுள்ள சாட்டியின் நன்னீராகும். கடலுக்கு அண்மையிலே, வெண்மணற் பரப்பின் கீழே, குடித்தற்கினிய நீர் ஊறுகின்றது. சுற்றுப்புறத் தீவினரும் அந்நீரை நாடி வாழ்ந்திருக்கின்றனர்.

இந்நீர் வற்றாத ஊற்றன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலூடாக இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பதடி இழப்போம்.

ஆதலின், ஆழ்துளைக் கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் அன்பளித்துப் பெயர்க்கல் நாட்டும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். நோக்கம் நன்றே, ஆயின் மிகுதியாய் இறைத்தால் உவரே மேலெழும். வேண்டுவது மழைநீரைத் தேக்குதல். தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் தோண்டுதல் வேண்டும். மணல் அள்ளுதலைத் தடுத்தல் வேண்டும். வெறுந்தரையில் பனை விதைத்தல் வேண்டும்.

ஓரிரு நாட் சிரமதானத்தால் யாது பயன் என்பார் உளர். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்தினா மாணவருடன் ஒரு சிற்றூருக்குச் சென்று தொடங்கிய பணியே நாடளாவிய சர்வோதய இயக்கமாயிற்று. பழைய மாணவராகிய நாமும் ஆண்டுதோறும் ஆவணியில், மழைக்கு முன், மண்வெட்டியுடன் அங்கே கூடுவோமாக. நம் விழாவுக்கு அதனினும் தக்க நினைவுச்சின்னம் வேறில்லை.