பூச்சைக்குச் சர்க்கரையா? இன்சுலினைக் கூட்டும் முன் தட்டைப் பாருங்கள்!

"அண்ணாச்சி, இன்சுலின் ஊசி ஒரு பாக்கெட் தாங்க."

"யாருக்கு, அம்மைக்கா? சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?"

"அம்மைக்கு இல்ல அண்ணாச்சி, வீட்டுல நிக்க பூச்சைக்கு."

நாகர்கோவில் மருந்துக்கடை ஒன்றில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. ஆனால், கடைக்காரர் கேட்ட மூடிக் கணக்கு சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல.

நடுவயதைத் தாண்டிய, உடல் பெருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. சொறி, அரிப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்ட பூனைகளுக்கும் வரலாம். நன்றாகத் தின்னும், ஆனாலும் எடை குறையும். தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகராது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். மனிதர்களின் நீரிழிவை ஒரு காலத்தில் நம் வீடுகளில் கண்டுபிடித்ததும் எறும்பை வைத்துத்தானே! நோய் முற்றினால், பின்னங்கால் விரல்களில் நடக்கவேண்டிய பூனை குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது.

மருத்துவமனையில் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்காரவைத்தால், நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டலாம். அதனால்தான் மருத்துவர்கள் சிறுநீரையும் பார்க்கிறார்கள். முந்தைய இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் பிரக்டோசமைன் பரிசோதனையும் உண்டு. நோய் உறுதியானால், 4, 5 கிலோ எடையுள்ள பூனைக்குப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் என்ற அளவில் இன்சுலினைத் தொடங்குவார்கள். பூனைகளுக்குப் பெரும்பாலும் தேர்வாவது மனிதர்கள் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின்தான்.

மூடியின் நிறம் முக்கியமாவது இங்கேதான். நம் ஊரில் குப்பியில் விற்கும் பழைய வகை இன்சுலின்களில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் போன்றவற்றில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் '1' என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். எழுபது கிலோ மனிதர் ஒன்றரை யூனிட் கூடிப்போனதைத் தாங்கிக்கொள்வார். நாலு கிலோ பூனை தாங்காது. நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியிலும் ஊசியிலும் அச்சிட்டிருக்கும் எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்த்துவிட வேண்டும். ஆரஞ்சு மூடியிலேயே அரை யூனிட் கோடு போட்ட சிறிய ஊசிகள் உண்டு. பூனைக்கு அதுதான் வசதி.

அடுத்து, அளவை மாற்றுவது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது, காது ஓரத்தில் ஒரு சொட்டு எடுக்கவும் கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 340, மாலையில் 310. "குறையவே இல்லையே, இன்னும் ஒரு யூனிட் ஏத்துவோமா?" என்ற யோசனை வரும். நடுப்பகலில் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 70 என்று காட்டியிருக்கலாம். ஊசிக்கு முந்தைய எண் எப்போதும் உயரமாகத்தான் இருக்கும். முந்தைய மருந்தின் வேகம் தீர்ந்துபோயிருக்கும் நேரம் அது. அளவைத் தீர்மானிப்பது நடுவில் வரும் அடிமட்ட எண்தான். ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 12 மணி நேரம் அளந்து எழுதினால் அந்த அடிமட்டம் தெரியும். அது 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் அளவு சரி. 80-க்குக் கீழே போனால், காலை எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் குறைக்கத்தான் வேண்டுமே தவிர கூட்டக்கூடாது.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகவே, எந்த மீட்டரில் எடுத்த எண் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புதிய அளவு உடலில் நிலைப்பதற்கே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்கு முன் கூட்டுவதில் பயனில்லை. கூட்டினாலும் மருத்துவரிடம் கேட்டு அரை யூனிட், அதிகம் போனால் ஒரு யூனிட். குறைப்பதற்கு மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. அன்றே போன் செய்துவிட வேண்டும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நாஞ்சில் நாட்டுப் பூனைக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. அது தட்டில் இருக்கிறது. இங்கே வீட்டுப் பூனையின் சாப்பாடு என்ன? சாளைக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. சில வீடுகளில் மீதி மரச்சீனிக் கிழங்கும். பூனையோ முழுக்க முழுக்க மாமிசம் தின்னப் பிறந்த உயிர். இவ்வளவு மாவுச்சத்தைச் சமாளிக்க அதன் உடலுக்குத் தெரியாது. சோற்றைக் குறைத்து, உப்பும் மிளகும் தேங்காயும் சேர்க்காமல் வேகவைத்த மீனோ கோழியோ கொடுத்தால் சர்க்கரை நன்றாக இறங்கும். நல்லதுதான். ஆனால், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. சோறு தின்னும் பூனைக்கு என்று கணக்குப் போட்ட இன்சுலினை, சோறு நின்றுபோன பூனைக்கும் அதே அளவில் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடும். சோற்றை நிறுத்துவதும் இன்சுலினைக் கூட்டுவதும் பூனையின் உடலுக்கு ஒன்றுதான். தட்டை மாற்றுவதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சில நாள்களில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும்.

இது தலைகீழாகவும் நடக்கும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளங்கள் கடலுக்குப் போனாலும் மீன் விலை ஏறிவிடும். மனிதர்களுக்கே மீன் குறையும்போது பூனைத் தட்டில் சோறுதான் கூடும். கூடவே சர்க்கரையும் ஏறும். அப்போது இன்சுலினைக் கூட்டிவிட்டு, ஆகஸ்டில் மீன் மலிந்ததும் குறைக்க மறந்தால் ஆபத்து. மீன் கிடைக்காத நாள்களுக்குக் கோழியும் முட்டையும் என்று முன்கூட்டியே திட்டமிட்டுவிட்டால் இந்த ஏற்ற இறக்கமே வராது. பக்கத்து வீட்டில் யாரும் பால்சோறு வைக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல். காலையில் அம்மை ஊசி போட்டிருப்பார். அது தெரியாமல் மகனும் போட்டுவிடுவான். நாள்காட்டித் தாளில் நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். பூனை துள்ளி, மருந்து உடம்புக்குள் போனதா ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடக்கூடாது. ஒரு வேளை மருந்து குறைந்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு போனால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட மறுக்கிற, வாந்தி எடுக்கிற பூனைக்கு வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சர்க்கரை அதிகமாக இறங்கினால் பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், திடீரென்று பசியில் கத்தும், வலிப்பும் வரலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈறில் தேனைத் தடவ வேண்டும். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எழுந்து நடந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாமல் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமோ, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும். உடலில் மிச்சமிருக்கும் இன்சுலின் மறுபடியும் சர்க்கரையை இறக்கும்.

நாய்களில் அரிதாகப் பார்க்கும் ஒன்று பூனைகளில் நடக்கிறது. ஆரம்பத்திலேயே சரியான இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கிடைத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் கணையம் தேறி, ஊசியே தேவைப்படாமல் போகிறது. அந்த நாள் சொல்லிக்கொண்டு வராது. அடிமட்ட எண் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வரும். ஊசி நின்ற பிறகும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை அளந்து பார்க்க வேண்டும். அடுத்த முறை அரிப்புக்கு மருந்து வாங்கப் போகும்போது, இது சர்க்கரை வந்த பூனை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.