பாடுகிறவள், மெட்டுப் போடுகிறவள்

2025 மார்ச் 8, உலகப் பெண்கள் நாள். அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. கெலமங்கலத்தில் விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் காதிலும் அவர் பாட்டுதான். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள். பண்ணைப்புரத்திலிருந்து போனவருக்கு அந்த மேடை தானாகத் திறக்கவில்லை என்பதும் தெரியும். என் சண்டை அவரோடு இல்லை, நம்மோடு.

1986இல் அவர் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னே நிற்கும். காட்சிக்கும் கதாநாயகனுக்கும் கட்டுப்படாத இசை. இதையே நான்கைந்து பேர் ஓர் அறையில் அமர்ந்து வாசிக்கும்படி எழுதினால் மேற்கில் ‘சேம்பர் மியூசிக்’ என்பார்கள், அறை இசை.

அந்த அறையில் நம் பெண்கள் எங்கே?

சினிமா பெண்ணிடம் குரலை மட்டும் கேட்டது. சுசீலா, ஜானகி, வாணி ஜெயராம் என்று நீளமாகச் சொல்வோம். மெட்டுப் போட்டவர்களைக் கேட்டால் தடுமாறுவோம். பானுமதி ‘சக்ரபாணி’ (1954) படத்துக்கு இசையமைத்தார். நமக்கு அவர் நடிகை. ரேவதி இயக்கிய ‘மித்ர்’ (2002) படத்துக்கு இசை பவதாரிணி. 2024இல் அவர் மறைந்தபோது நாம் பாடகிக்காகத்தான் அழுதோம்.

“பெண்களுக்கு அந்தத் திறமை இல்லை” என்பவர்களுக்கு ஒரு பெயர்: எலிசபெத் லட்யன்ஸ். புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் மகள். நான்கு பிள்ளைகளை வளர்க்கப் பேய்ப்படங்களுக்கு இசை எழுதினார். அதற்கிடையே பத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளையும் எழுதினார். உலகம் ஒட்டிய பட்டம், ‘பேய்ப்பட ராணி’. தலைநகரம் கட்டியவரின் மகளுக்கே இதுதான் கிடைத்தது.

என் வகுப்பில் ஒருத்தி குறுந்தொகைப் பாட்டொன்றுக்குத் தானே மெட்டுக் கட்டிப் பாடினாள். “நல்லாப் பாடறேம்மா” என்றேன். மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய, கவிதை எழுதுகிற நான்! இப்போது அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். ஷிப்டு மாறி மாறித் தூங்கும் விடுதி அறையில் மெட்டை எங்கே எழுதிவைப்பாள்? எழுதும் முறையை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

கல்லூரி விழாக்களில் பாட்டுப் போட்டி வைப்பதைப் போல மெட்டுப் போடும் போட்டியும் வையுங்கள். இசைக்குறி எழுதக் கற்றுக்கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறை கொடுங்கள். ஒரு பெண் புதிதாக ஒன்றைப் பாடினால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “மெட்டு யாருது, உன்னுதா?”