சர்வருக்கு மாலை போட்டோம், அதைப் பார்த்துக் கொண்டவருக்கு?

2006-ம் ஆண்டு ஆயுத பூஜை. அப்போது நான் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். கம்ப்யூட்டர்களை எல்லாம் துடைத்து, மானிட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். மூலையில் இருந்த சர்வருக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒரு முழம் சாமந்தி. "வருஷம் பூரா மக்கர் பண்ணாம ஓடின மெஷின்" என்று முதலாளி அதைத் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினோம்.

அந்த சர்வர் தானாக ஓடவில்லை. அதை ஓட வைத்த தம்பி கதவருகே பொரி கடலைப் பொட்டலத்துடன் நின்று கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிஸ்டத்தைக் கூப்பிடு", "சிஸ்டம் வந்தாச்சா?" என்றுதான் கேட்போம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, சம்பளப் பட்டியல் போடுவதற்கு முதல் நாள் மாலை, சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. யாரும் சொல்லாமலேயே அவர் தினமும் தனி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து வந்திருக்கிறார். இரவெல்லாம் உட்கார்ந்து, புது டிஸ்க் போட்டு, டேட்டாவை ஏற்றிவிட்டார். காலை ஒன்பதரைக்கு நாங்கள் வந்தபோது எல்லாம் வழக்கம் போல் இருந்தது. பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை: "அதுக்குத்தானே தம்பி சம்பளம்!"

தீபாவளி முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "சார், இங்க மெஷினுக்குத்தான் மாலை போடறாங்க" என்று சிரித்தார். ஜோக் என்று நினைத்து நானும் சிரித்தேன். அடுத்து வந்தவருக்கு பேக்கப் பற்றிச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிப்ரவரியில் பதினோரு நாள் என்ட்ரி மொத்தமாகப் போனது. வவுச்சர்களைத் தேடி எடுத்து மீண்டும் அடித்தபோதுதான் அவர் சொன்னது ஜோக் இல்லை என்று உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு. ஊழியர்களை உற்சாகமாக வைத்திருக்கப் பெரிய விழாவும் வெள்ளிக் கேடயமும் தேவையில்லை. யார், என்ன செய்தார் என்பதைப் பெயர் சொல்லிச் சொன்னால் போதும். அதைச் சிரித்துக் கொண்டே சொன்னால் இன்னும் நல்லது.

பெயருக்காக ஒரு ரகசிய அறை

கம்ப்யூட்டர் உலகமே இதற்குச் சாட்சி. 1970களில் அடாரி நிறுவனம் தன் வீடியோ கேம்களில் அவற்றை எழுதிய புரோகிராமரின் பெயரைப் போடாது. வாரன் ராபினெட் என்ற புரோகிராமர் 1979-ல் அட்வெஞ்சர் என்ற கேமை எழுதியபோது, யாருக்கும் சொல்லாமல் அதற்குள் ஒரு ரகசிய அறையை வைத்தார். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துக் கொண்டு போனால்தான் அறை திறக்கும். உள்ளே இருந்தது புதையல் அல்ல, "இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்ற வாசகம் மட்டும்தான். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். இன்று சாப்ட்வேர்களில் மறைந்திருக்கும் இத்தகைய விளையாட்டுகளை ஈஸ்டர் எக் என்கிறோமே, அந்தப் பெயர் இதிலிருந்து பரவியதுதான்.

அதே 1979-ல் அடாரியின் நான்கு முக்கிய புரோகிராமர்கள், தங்கள் கேம்களுக்குப் பெயரும் நியாயமான பங்கும் கேட்டுக் கிடைக்காமல் வெளியேறி, ஆக்டிவிஷன் நிறுவனம் உருவாகக் காரணமானார்கள். ஆக்டிவிஷன் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று, கேமுடன் வரும் கையேட்டில் அதை எழுதியவரின் பெயரையும் படத்தையும் போட்டது. பெயர் போட மறுத்ததற்கு அடாரி கொடுத்த விலை, ஒரு போட்டி நிறுவனம்!

ஆப்பிளில் கதை வேறு. முதல் மெக்கின்டாஷ் 1984-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1982-ல், அதை உருவாக்கிய குழுவினர் அனைவரையும் ஒரு பெரிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தக் கையெழுத்துகள் கம்ப்யூட்டர் பெட்டியின் உட்புறத்தில் வார்க்கப்பட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும். 1985-ல் வந்த அமிகா 1000 கம்ப்யூட்டரின் மூடிக்குள்ளும் குழுவினரின் கையெழுத்துகள் உண்டு. கூடவே அதன் வடிவமைப்பாளர் ஜே மைனர் வளர்த்த நாயின் பாதச்சுவடும் உண்டு! அலுவலகத்தில் கூடவே இருந்த நாய்க்குக் கூட அங்கீகாரம் கிடைத்திருக்கிறது.

இரண்டு டாலர் ஐம்பத்தாறு சென்ட்

எனக்கு மிகவும் பிடித்த பாராட்டு டொனால்ட் குனுத் தருவது. கம்ப்யூட்டர் அறிவியலின் மூத்த பேராசிரியரான அவர், தன் புத்தகங்களில் தவறு கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார். 256 என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்கு நெருக்கமான எண். பதினாறின் அடிப்படையில் எண்ணினால் அது நூறு. எனவே 256 சென்ட் என்பது, அவர் வேடிக்கையாகச் சொன்னபடி, ஒரு ஹெக்ஸாடெசிமல் டாலர். பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். காசோலை மோசடிகள் பெருகியதால் 2008-ல் அதை நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு தீவின் இல்லாத வங்கி பெயரில் சான்றிதழ் தர ஆரம்பித்தார். மதிப்பு துளியும் குறையவில்லை. ஏனென்றால் மதிப்பு டாலரில் இல்லை. "நீ கவனமாகப் படித்தாய், நான் அதைப் பார்த்தேன்" என்பதில் இருக்கிறது.

நாங்கள் செய்து பார்த்தவை

அடுத்து நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் இவற்றைக் கொஞ்சம் காப்பியடித்தேன். செலவு குறைவு, வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போதும். நீங்களும் முயற்சி செய்யலாம்.

1. நடக்காத விபத்து விருது: மாதம் ஒரு முறை, யாரால் எந்தப் பிரச்னை நடக்காமல் போனது என்று ஒரே ஒரு வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். "வரி கட்டும் கடைசி தேதியை மூன்று நாள் முன்பே நினைவூட்டியதால் அபராதம் தப்பியது" என்பது போல, பெயருடன். பேக்கப் எடுப்பவர், ஆண்டி வைரஸ் அப்டேட் பார்ப்பவர் எல்லாம் இந்த விருதில்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள். அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் கவனிப்பார்கள்?

2. பொரிகடலை வங்கி: குனுத் வழியில், கணக்கில் பிழை கண்டுபிடிப்பவருக்கு வேர்டில் தயாரித்த வேடிக்கைக் கூப்பன். கேண்டீனில் கொடுத்தால் ஒரு வடை, ஒரு டீ. உண்மையான வங்கிக் காசோலை போலத் தோன்றாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சிலர் வடை வாங்காமல் கூப்பனை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கொண்டார்கள்.

3. அட்மினை நீக்குங்கள்: வேர்ட், எக்ஸெல் பைல் ஒவ்வொன்றிலும் அதை எழுதியவர் யார் என்று பதிவாகிறது. பைல் மெனு சென்று, இன்ஃபோவைக் கிளிக் செய்து பாருங்கள். எங்கள் அறிக்கைகளில் பாதியை எழுதியவர் "அட்மின்"! அதை மாற்றியதோடு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தயாரித்தவர், சரிபார்த்தவர், டேட்டா அடித்தவர் பெயர்களையும் சேர்த்தோம். முதலாளி முதல் முறையாக ஒரு டேட்டா என்ட்ரி பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்தது அதன் பிறகுதான்.

4. ஜூலை கடைசி வெள்ளி: சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு நன்றி சொல்லும் நாள் இது. சிகாகோவைச் சேர்ந்த டெட் கெகாடோஸ் 2000-ல் தொடங்கினார். புது பிரிண்டர் வைத்துக் கொடுத்தவருக்கு ஊழியர்கள் வரிசையில் நின்று பூவும் பழக்கூடையும் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. பிரிண்டர் மாட்டுகிறவரான அவருக்கு அது உண்மையில் நடந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. நாங்கள் பூ தரவில்லை. ஒரு நாள் முழுக்க, ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் அவரைக் கூப்பிடக் கூடாது என்று விதி வைத்தோம். அதைவிடப் பெரிய பரிசு அவருக்கு இல்லை.

எங்கே தவறும்?

இரண்டு இடங்களில் நாங்கள் சறுக்கினோம். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஆரம்பித்து, யாருக்கும் வருத்தம் வேண்டாம் என முறை வைத்துக் கொடுத்தோம். நான்காவது மாதமே, "இந்த மாசம் உங்க டர்னா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து, தூங்குமூஞ்சி விருது என்று ஒருவருக்குக் கொடுத்தோம். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. வீட்டில் உடல்நிலை சரியில்லாத அம்மாவை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக் கொள்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. விளையாட்டு, வாங்குபவரையும் சிரிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விளையாட்டு அல்ல.

இன்னொன்று. வடைக் கூப்பன் சம்பள உயர்வுக்கு மாற்று ஆகாது. அடாரியை விட்டுப் போனவர்கள் பெயரை மட்டும் கேட்கவில்லை, பங்கையும் கேட்டார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுச் சிரித்தால்தான் சிரிப்பு எடுபடும்.

வேலையை விட்டுப் போன அந்தத் தம்பியைச் சில ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நல்ல வேலையில் இருந்தார். அந்த இரவு பேக்கப்புக்கு அன்று சொல்லாத நன்றியைச் சொன்னேன். "அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்!" என்றார். அவருக்கு மறந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து தரும் பக்கத்து வீட்டுப் பையனோ, போனில் செட்டிங்ஸ் மாற்றித் தரும் மகளோ இருப்பார்கள். அடுத்த முறை "சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன செய்தார் என்று கேளுங்கள். பிறகு அதையே நாலு பேர் முன்னால், பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வரும் ஆயுத பூஜைக்குச் சாமந்தியை இன்னும் ஒரு முழம் சேர்த்தே வாங்குங்கள்.