மீல் மேக்கர் சாப்பிட்டால் உடல் அழற்சி குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

முடக்குவாதம், சர்க்கரை, இதய நோய் எனப் பலவற்றோடும் தொடர்புடையது, உடலுக்குள் ஓசையில்லாமல் தொடரும் அழற்சி. 'சோயா சாப்பிடுங்க, தானா சரியாகிடும்' என்று ரீல்ஸ்களில் சொல்கிறார்களே, உண்மையா?

அழற்சியை எப்படி அளக்கிறார்கள்?

கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். அழற்சி கூடினால் இதுவும் கூடும்.

சோயாவில் என்ன இருக்கிறது?

ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் போன்ற ஐசோஃபிளேவோன்கள். ஆய்வகத்தில் செல்களில் இவை அழற்சியைத் தணித்தன. ஆனால், மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சி.ஆர்.பி. சற்றே குறைந்தது, பலவற்றில் பெரிய மாற்றமே இல்லை. டெய்ட்ஸீனை ஈக்வாலாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோருக்கும் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதய நலன் விஷயத்திலும் இதே கதைதான். தினமும் 25 கிராம் சோயா புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவு லேபிளில் போட 1999இல் அனுமதித்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ஆதாரங்கள் சீராக இல்லை எனக் கூறி, 2017இல் அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது.

அப்போ சாப்பிடலாமா?

தாராளமா சாப்பிடலாம். மட்டனுக்குப் பதில் மீல் மேக்கர் என்றால், நிறைவுற்ற கொழுப்பு குறையும், அது லாபம்தான். சோயா அலர்ஜி இருந்தால் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் எவ்வளவு இடைவெளி விடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, சோயாவை நம்பி முடக்குவாத மாத்திரையை நிறுத்திடாதீங்க. மீல் மேக்கர் நல்ல உணவு, மருந்து அல்ல.