அந்த ஃபிளெக்ஸை மாற்றுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பொறுத்தவர்கள் இன்று ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர் சந்திப்புக்கு அடிக்கப்போகும் ஃபிளெக்ஸின் மாதிரியை நேற்று குழுவில் போட்டிருந்தீர்கள். என் பழைய போட்டோ, கையில் பிரம்பு. கீழே, "எங்கள் ஹிட்லர் சாரே, வருக வருக!" அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் ஐம்பது பேராவது இருக்கும். "நாட்டைத் திருத்த சார் மாதிரி ஒரு ஹிட்லர்தான் வரணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு என் தங்கை மகனே கைதட்டியிருந்தான்.

உங்கள் பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய மேடையில் நான் ஏறமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. காரணத்தோடு சொல்கிறேன்.

போன டிசம்பரில் குடும்பத்தோடு கேரளா போயிருந்தோம். வடக்குப் பரவூர் பக்கத்தில் சேந்தமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே யூதர்களின் பழைய ஜெபாலயத்தைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்து. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணுடையது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268-ல் பட்டத்துக்கு வந்தான் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதற்கு அடுத்த வருஷத்துக் கல் இது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "இவங்க ராணியா தாத்தா?"

"இல்லம்மா."

"அப்போ எதுக்கு இவங்க கல்லை வெச்சிருக்காங்க?"

பெரிய கேள்விதான். ஒரு பெண் வாழ்ந்தாள், இறந்தாள். அவளுக்கு வேண்டியவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எழுநூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்தப் பெயரை வாசிக்க முடிகிறது. அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி, வேறு கற்களைப் பற்றிக் கேளுங்கள். பெர்லினில் ஸ்பாண்டாவ் கோட்டை இருக்கிறது. அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட யூதக் கல்லறைக் கற்கள் பாதுகாக்கப்படுகின்றன. மிகப் பழையது 1244-ஆம் ஆண்டுக் கல். ஆனால் அவை இடுகாட்டிலிருந்து அங்கே வரவில்லை. கோட்டைக் கட்டுமானத்துக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. 1510-ல் பெர்லினில், திருப்பலி அப்பத்தை அவமதித்தார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டில் 38 யூதர்களை எரித்துக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களை பிராண்டன்பர்க் நாட்டைவிட்டே விரட்டினார்கள். அவர்களுடைய இடுகாடும் அழிந்தது. பெயர் வெட்டிய கற்கள் வெறும் கட்டடக் கல்லாகிப் போயின.

"பார்த்தீர்களா நம்ம ஊர்ப் பெருமையை" என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. 1662-ல் கொச்சிப் பரதேசி ஜெபாலயத்தைப் போர்த்துகீசியர் சூறையாடியதும் இந்த மண்ணில்தான். நான் சொல்லவந்தது வேறு. இன்னாருடைய பெயர் மதிக்கத் தக்கதல்ல என்று ஓர் ஊர் முடிவு செய்துவிட்டால், செத்தவரின் கல்லுக்குக்கூட அங்கே இடமில்லை. அந்த வெறுப்பையே அரசாங்க வேலையாக்கியவர்தான் நீங்கள் எனக்குப் பட்டமாகச் சூட்டிய மனிதர்.

அவர் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? பள்ளிக்கூடம். 1933 ஜனவரியில் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதி ஒரு சட்டம். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அரசுப் பள்ளி ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப வழி செய்தது அது. 1938 நவம்பரில், யூதப் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் படிக்கவே கூடாது என்று தடை. கடைசியில் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களில் சுமார் பதினைந்து லட்சம் பேர் குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோருக்கு நட்டுவைக்க ஒரு கல்கூட இல்லை. ஒரு வாத்தியாருக்கு வைக்கிற பெயரா இது?

உங்கள் பதில்களும் எனக்குத் தெரியும். "ரோடு போட்டாரே சார்" என்பீர்கள். கொலோன்–பான் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது 1932-ல், அவர் வருவதற்கு முன்பே. "நேதாஜியே போய்ப் பார்த்தாரே" என்பீர்கள். பார்த்தார், 1942-ல். ஆனால் இந்தியா வேறு யார் கைக்கும் போவதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதிவைத்தவர் அந்த மனிதர். "இன்றைக்குக் காசாவைப் பாருங்கள்" என்பீர்கள். பார்க்கிறேன், மனம் வலிக்கிறது. ஓர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். அதற்காக 1269-ல் இறந்த சாரா குற்றவாளி ஆகமாட்டாள். ஹிட்லரும் நல்லவர் ஆகமாட்டார்.

இதில் என் தவறும் உண்டு. அந்தப் பட்டப்பெயர் எனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். உள்ளுக்குள் பெருமைதான் பட்டேன். நான் வராந்தாவில் நடந்தால் வகுப்பு அடங்குகிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒழுக்கம் என்று நான் நினைத்தது உங்கள் பயத்தை. எட்டாம் வகுப்பில் நான் அடித்த அடிக்குப் பிறகு ஒரு பையன் பள்ளிக்கூடமே வரவில்லை. அவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்தக் குழுவில் அவன் இல்லை, சந்திப்புக்கும் யாரும் அவனைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நானே நேரில் போய்க் கூப்பிடுகிறேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஃபிளெக்ஸில் "வரலாறு சார்" என்று போடுங்கள், போதும். கையில் இருக்கும் பிரம்பையும் எடுத்துவிடுங்கள். திரும்ப அடிக்கும் செலவு என்னுடையது.

பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்தப் போர்டைக் கண்டாலும் நின்று வாசித்து, அர்த்தம் கேட்கிற பிள்ளை அவள். அவளுக்கு நான் பதில் சொல்லும்படியான ஒன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்